எரிக்கப்படும் கொம்பு, அறுக்கப்படும் கொம்பு: காண்டாமிருகக் காப்பு எப்படி நடக்கிறது?

2021 செப்டம்பர் 22 அன்று, அசாமின் போகாகாத் நகரில் 2,479 காண்டாமிருகக் கொம்புகளை இரும்பு உலைகளில் இட்டு எரித்தார்கள். கள்ளச் சந்தையில் பல கோடி ரூபாய்க்கு விலைபோகும் பொருளை மாநில அரசே சாம்பலாக்கியது. தென்னாப்பிரிக்காவில் நடப்பது வேறு. அங்கே கால்நடை மருத்துவர்கள் ஹெலிகாப்டரில் போய், உயிரோடிருக்கும் காண்டாமிருகத்தை மயக்கி, ரம்பத்தால் கொம்பை அறுத்து எடுத்துவருகிறார்கள். இந்தச் செய்திகளைப் படிப்பவர்களுக்குச் சில கேள்விகள் இயல்பாக எழுகின்றன. எரிப்பதற்குப் பதில் விற்று அந்தப் பணத்தைக் காட்டுக்குச் செலவிடக் கூடாதா? அறுத்தால் விலங்குக்கு வலிக்காதா? அறுப்பது பலன் தரும் என்றால் அசாமின் காசிரங்கா தேசியப் பூங்காவிலும் அதையே ஏன் செய்வதில்லை?

கொம்பு காட்டிலிருந்து வாங்குபவரின் கைக்குப் போகும் வழியைத் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை தெளியும். ஒவ்வொரு காப்பு முறையும் அந்த வழியின் ஏதோ ஓர் இடத்தைத்தான் அடைக்கிறது. எந்த இடத்தை அடைக்கிறது என்று பார்க்காமல் அது நல்லதா கெட்டதா என்று வாதாடிப் பயனில்லை.

## கொம்பு எதனால் ஆனது

மாட்டுக் கொம்பின் உள்ளே எலும்பு இருக்கும். காண்டாமிருகத்தின் கொம்பில் எலும்பே கிடையாது. நகத்திலும் முடியிலும் குளம்பிலும் உள்ள கெரட்டின் என்ற புரதமே நெருக்கமாக இறுகிக் கொம்பாகிறது. மூக்கெலும்புக்கு மேலே தோலில் ஒரு வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. அது சேதமாகாத வரை கொம்பு வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வெள்ளைக் காண்டாமிருகத்தின் முன்கொம்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சென்டிமீட்டர் வளர்கிறது.

வளர்ச்சிப் பகுதிக்கு மேலே அறுத்தால் வலியில்லை, இரத்தமில்லை, கொம்பும் திரும்ப வளரும். வேட்டைக்காரன் அப்படி அறுப்பதில்லை. அடிவரை கிடைத்தால் எடை கூடும் என்பதால் முகத்தையே கோடாரியால் வெட்டிப் பெயர்க்கிறான். துப்பாக்கிச் சத்தத்தைத் தவிர்க்க ஒரே குண்டோடு நிறுத்திவிட்டு, விலங்கு சாகும் முன்பே வெட்டுவதும் உண்டு. கொல்லப்படுவது தாய் என்றால் பால்குடிக்கும் கன்றும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. காண்டாமிருகம் ஏறத்தாழ 16 மாதம் கருவைச் சுமக்கிறது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று ஆண்டு ஆகும். ஆகவே ஒரு தாயை இழப்பது பல ஆண்டுப் பெருக்கத்தை இழப்பதாகும்.

இனத்துக்கு இனம் கொம்பின் அளவு மாறும். ஆப்பிரிக்காவின் வெள்ளை, கறுப்பு இனங்களுக்கும் சுமத்திரா இனத்துக்கும் இரண்டு கொம்புகள். இந்திய, ஜாவா இனங்களுக்கு ஒன்று. வளர்ந்த வெள்ளைக் காண்டாமிருகத்தின் இரண்டு கொம்பும் சேர்ந்தால் பல கிலோ வரும். இந்திய இனத்தின் கொம்பு பெரும்பாலும் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளம்தான். எடை ஒரு கிலோவை எட்டுவதே அரிது. 2021-இல் அசாமின் கருவூலங்களில் இருந்த கொம்புகளை அளந்தபோது, எல்லாவற்றிலும் கனமானது 3.05 கிலோவாகவும் நீளமானது 51.5 சென்டிமீட்டராகவும் இருந்தன. அவை விதிவிலக்குகள்.

## வாங்குவது யார்

கொம்பு ஆண்மை மருந்து என்ற பேச்சு தமிழ்ப் பத்திரிகைகளிலும் அடிக்கடி வருகிறது. ஆனால் சீன மரபு மருத்துவத்தில் அது முதன்மையாகக் காய்ச்சலுக்கும் நச்சு முறிவுக்கும் பயன்பட்ட பொருள். ஏமனில் 1970-களிலும் 80-களிலும் எண்ணெய்ப் பணம் பெருகியபோது, ஜம்பியா என்னும் குத்துவாளின் கைப்பிடிக்காகக் கொம்பு பெருமளவு போனது. அந்தக் காலத்தில்தான் கறுப்புக் காண்டாமிருகம் அழிவின் விளிம்புக்கு வந்தது. 1970-இல் சுமார் 65,000 இருந்தவை 1990-களின் நடுவில் 2,500-க்கும் கீழே போயின.

அனைத்துக் காண்டாமிருக இனங்களையும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தம் 1977-இல் தன் முதல் பட்டியலில் சேர்த்தது. நாடுகளுக்கிடையே அவற்றை வைத்து வணிகம் செய்யக் கூடாது என்பது இதன் பொருள். தென்னாப்பிரிக்காவின் வெள்ளை இனத்துக்கு மட்டும், உயிருள்ள விலங்குகளுக்காகவும் உரிமம் பெற்ற வேட்டைச் சின்னங்களுக்காகவும் 1994-இல் ஒரு தளர்வு தரப்பட்டது. 1993-இல் சீனா உள்நாட்டுக் கொம்பு வணிகத்தைத் தடைசெய்து, அதிகாரப்பூர்வ மருந்துப் பட்டியலிலிருந்தும் கொம்பை நீக்கியது. அதன்பின் சுமார் 15 ஆண்டு நிலைமை ஓரளவு அமைதியாக இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 2007-இல் கள்ளவேட்டைக்குப் பலியானவை வெறும் 13.

பிறகு வியட்நாமில் தேவை திடீரென எழுந்தது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்ற வதந்தியும், விருந்துக்குப் பின் போதை தெளியக் குடிப்பதும், மேலதிகாரிக்கோ தொழில் கூட்டாளிக்கோ பரிசாகத் தருவதும் ஒன்றாகச் சேர்ந்தன. விலை கிலோவுக்கு 60,000 அமெரிக்க டாலர் வரை போனதாக அப்போது மதிப்பிட்டார்கள். பின்னர் அது இறங்கியது. தென்னாப்பிரிக்காவில் 2014-இல் பலியானவை 1,215. ஏழே ஆண்டில் 13 என்பது 1,215 ஆனது. வியட்நாமின் சொந்தக் காண்டாமிருகத்தையும் இதே வெறி தின்றுவிட்டது. அங்கிருந்த கடைசி ஜாவா காண்டாமிருகம் 2010-இல் கட் தியென் பூங்காவில், காலில் குண்டோடு, கொம்பு வெட்டப்பட்ட நிலையில் செத்துக் கிடந்தது.

இன்றைய வாங்குபவர்களில் பலர் நோயாளிகள் அல்லர், வசதி படைத்தவர்கள். கொம்பு அரிதாவது அவர்கள் கண்ணில் அதன் மதிப்பைக் கூட்டுகிறது. மருந்துக்கு மாற்று மருந்து கொடுக்கலாம். அந்தஸ்துக்கு மாற்று கொடுப்பது கடினம். விழிப்புணர்வுப் பிரசாரங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

## கைமாறும் வழி

தென்னாப்பிரிக்கப் புலனாய்வாளர்கள் இதை ஐந்து நிலைகளாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அசாமுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும்.

1. காட்டுக்குள் நுழைபவர்கள். பெரும்பாலும் மூன்று பேர்: ஒருவர் சுடுவார், ஒருவர் கோடாரி பிடிப்பார், ஒருவர் உணவும் தண்ணீரும் சுமந்து காவல் பார்ப்பார். சாகிறவர்களும் பிடிபடுகிறவர்களும் இவர்களே. இலாபத்தில் மிகச் சிறிய பங்குதான் இவர்களுக்கு வரும்.

2. உள்ளூர் ஏற்பாட்டாளர். துப்பாக்கி, வண்டி, முன்பணம் எல்லாம் கொடுப்பவர். பூங்கா ஊழியர் யாரையாவது விலைக்கு வாங்குபவரும் இவர்தான்.

3. நாட்டளவிலான தரகர். பல குழுக்களிடமிருந்து கொம்புகளைச் சேர்ப்பவர்.

4. ஏற்றுமதி செய்பவர். பொய் ஆவணம், விமான நிலையத் தொடர்பு, சரக்குப் பெட்டி இவையெல்லாம் அவர் பொறுப்பு.

5. வெளிநாட்டில் வாங்கிச் சில்லறையாக விற்பவர்.

முதல் நிலையில் ஒருவரைப் பிடித்தால் அவர் இடத்துக்கு வேறு ஒருவர் மறுவாரமே வருவார். வறுமை இருக்கும் வரை ஆளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம், நான்காம் நிலையில் ஒருவரை உள்ளே வைத்தால் பல குழுக்களுக்கு விற்க வழியில்லாமல் போகும். இருந்தும் வனத்துறைகளின் பணமும் உழைப்பும் மிகுதியாக முதல் நிலையிலேயே செலவாகின்றன. காட்டுக்குள் இருப்பவரைத் துரத்தத்தான் வனத்துறைக்கு அதிகாரமும் பயிற்சியும் இருக்கின்றன. வங்கிக் கணக்கையும் தொலைபேசிப் பதிவையும் தோண்டுவதற்குக் காவல்துறையும் வருவாய்ப் புலனாய்வும் கூட வர வேண்டும்.

விமான நிலையங்கள் எவ்வளவு முக்கியம் என்பதைச் சிங்கப்பூர் காட்டியது. 2022 அக்டோபரில் சாங்கி விமான நிலையத்தில், தென்னாப்பிரிக்காவிலிருந்து லாவோஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவரின் பெட்டிகளில் 34.7 கிலோ கொம்பு பிடிபட்டது. அது ஏறத்தாழ 15 விலங்குகளின் கொம்பு என்று மரபணுச் சோதனை சொன்னது. அவருக்கு 24 மாதச் சிறை கிடைத்தது. இப்படி முழுக் கொம்பாகக் கொண்டுபோவது ஒரு வழி. இன்னொரு வழியில், தென்னாப்பிரிக்காவிலேயே கொம்பை மணிகளாகவும் வளையல்களாகவும் கடைந்து, மீதித் தூளையும் பொட்டலம் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். எக்ஸ்ரே திரையில் மணிமாலை மணிமாலையாகவே தெரியும்.

## காசிரங்காவில் வேட்டை எப்படி நடந்தது

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காசிரங்காவில் மிஞ்சியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே. 2022 கணக்கெடுப்பில் 2,613. உலகின் ஒற்றைக்கொம்பு காண்டாமிருகங்கள் நான்காயிரத்துச் சொச்சம்; அவற்றில் பாதிக்கும் மேல் இந்த ஒரே பூங்காவில் இருக்கின்றன. பெருமைதான், ஆனால் எல்லாம் ஓரிடத்தில் இருப்பதே பெரிய ஆபத்தும்.

வடக்கே பிரம்மபுத்திரா. தெற்கே தேசிய நெடுஞ்சாலை, அதைத் தாண்டிக் கார்பி மலைகள். நடுவே ஆளை மறைக்கும் யானைப்புல்லும் பீல் எனப்படும் சதுப்பு ஏரிகளும். ஆற்றிடைத் திட்டுகளிலிருந்து படகில் வந்து இறங்கலாம். மலைப்பக்கமிருந்து சாலையைக் கடந்தும் நுழையலாம். புல்லுக்குள் பத்தடி தள்ளி நிற்பவரைப் பார்க்க முடியாது. நிலவொளி இரவுகளில் விளக்கில்லாமல் நடமாட முடியும் என்பதால், முழுநிலவை ஒட்டிய நாட்களில் காவலைக் கூட்டுவது வழக்கம்.

மழைக்காலம் இன்னும் மோசம். வெள்ளம் வந்தால்தான் சதுப்புக்கு வண்டல் வரும், ஆகாயத்தாமரை அடித்துப்போகப்படும், புதுப்புல் முளைக்கும். பூங்கா உயிரோடிருக்க வெள்ளம் வேண்டும். ஆனால் தண்ணீர் ஏறும்போது விலங்குகள் மேட்டைத் தேடி நெடுஞ்சாலையைக் கடந்து கார்பி மலைக்குப் போகும். கடக்கும் இடங்கள் வேட்டைக்காரர்களுக்கும் தெரியும். அதே நேரத்தில் காவல் முகாம்கள் நீரால் துண்டிக்கப்பட்டிருக்கும். பூங்காவுக்குள் செயற்கை மேடுகளை எழுப்பியது, விலங்கு வெளியே போக வேண்டிய தேவையைக் குறைக்கத்தான்.

முறைகளும் காலத்தோடு மாறின. முன்பு காண்டாமிருகம் நடக்கும் தடத்தில் குழி வெட்டிப் புல்லால் மூடினார்கள். அடுத்து, உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து கம்பி இழுத்துத் தடத்தில் தொங்கவிட்டார்கள். இவை இரண்டிலும் சத்தம் வராது. பிறகு .303 துப்பாக்கியும், அதன்மேல் சைலன்சரும், ஏ.கே. வகைத் துப்பாக்கிகளும் வந்தன. சுடுபவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். எந்த முகாம் எங்கே, எந்த நேரத்தில் ரோந்து மாறும் என்பதைச் சொல்லி வழிகாட்டுபவர் உள்ளூர்க்காரர். கிடைத்த கொம்பு சில மணி நேரத்தில் நாகாலாந்தின் திமாப்பூர், அங்கிருந்து மணிப்பூரின் மோரே வழியாக மியான்மருக்குப் போகும். காசிரங்காவில் மட்டும் 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தலா 27 பலியாயின.

## எது மாற்றியது

2022-இல் அசாம் முழுவதிலும் ஒரு காண்டாமிருகம்கூடக் கள்ளவேட்டைக்குப் பலியாகவில்லை. இதற்கு ஒரே காரணத்தைச் சுட்டிவிட முடியாது. ஆனால் எவை வேலை செய்தன என்பது ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

முதலில் முகாம்கள். காசிரங்காவில் 200-க்கும் மேற்பட்ட வேட்டைத் தடுப்பு முகாம்கள் இருக்கின்றன. பல, தூண்களின் மேல் நிற்கும் சிறு வீடுகள். ஒரு முகாமில் மூன்று நான்கு பேர். நடந்தும் நாட்டுப்படகிலும் யானை மேலும் ரோந்து. சுடும் சத்தம் கேட்டால் பக்கத்து முகாம்கள் வழிகளை அடைப்பதற்கு எடுக்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அரைமணியில் வழி அடைபட்டால் கொம்பு உள்ளேயே சிக்கும். இரண்டு மணி நேரமானால் ஆற்றைக் கடந்துவிடும். இந்த வேலையைச் செய்பவர்களில் கணிசமானவர்கள் தற்காலிக ஊழியர்கள். சம்பளம் தாமதமாவதும், வயர்லெஸ் கருவியின் பேட்டரி செத்துக் கிடப்பதும், மழைக் காலணி இல்லாததும் சின்ன விஷயங்களாகத் தெரியலாம். இரவு ரோந்து நடக்குமா நடக்காதா என்பதை அவையே முடிவு செய்கின்றன. ட்ரோன் வாங்கியதைப் படம்பிடித்து வெளியிடும் அரசுகள் இவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது, காவல்துறையோடு இணைந்த புலனாய்வு. கொம்பு பூங்கா எல்லைக்குள் கிடைத்தால் வனத்துறை, வெளியே போனால் காவல்துறை என்று பிரிந்து கிடக்கும்போது தகவல் இடையிலேயே தங்கிவிடும். 2021 ஜூனில் காவல்துறையின் மூத்த அதிகாரி தலைமையில், காண்டாமிருக மாவட்டங்களின் காவல் அதிகாரிகளும் வனத்துறையினரும் சேர்ந்த சிறப்புப் படை அமைந்தது. குழு காட்டுக்குள் நுழையும் முன்பே, தங்கும் வீட்டிலோ துப்பாக்கி கைமாறும் இடத்திலோ பிடிப்பதே நோக்கம். இது கொல்லப்பட்ட விலங்கின் பக்கத்தில் நின்று தடயம் தேடுவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

மூன்றாவது, சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் காண்டாமிருகம் இருக்கிறது. அசாம் 2009-இல் அந்தச் சட்டத்தில் தனித் திருத்தம் கொண்டுவந்து, குறைந்தபட்சத் தண்டனையை 7 ஆண்டாக உயர்த்தியது.

சொல்லாமல் விடக் கூடாத ஒன்றும் உண்டு. 2010-இல் அசாம் அரசு, பணியின்போது சுடும் வன ஊழியர்மீது அரசு அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாதபடி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆம் பிரிவின் கீழ் பாதுகாப்பு அளித்தது. அதன்பின் வேட்டைக்காரர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்டவர்களில் அப்பாவிகளும் இருந்தார்கள் என்ற குற்றச்சாட்டு, பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆறாமல் இருக்கிறது. ஆயுதமேந்திய குழுவை எதிர்கொள்ளும் காவலருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால் ஒவ்வொரு சாவும் வெளியார் விசாரணைக்கு உட்பட வேண்டும். இது மனித உரிமை மட்டுமல்ல, காப்பு வேலையின் தேவையும்கூட. வெளியூர் ஆள் வந்து தங்கியிருக்கிறான் என்ற தகவல் அந்த ஊர்களிலிருந்துதான் வர வேண்டும். பயப்படும் ஊர் வாய் திறக்காது.

நேபாளம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. அங்கே சித்வன் பூங்காவை இராணுவம் காக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 சதவீதம் சுற்றுவட்ட ஊர்களுக்குப் போகிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 2011-இல் நேபாளம் ஒரு காண்டாமிருகத்தையும் வேட்டைக்கு இழக்கவில்லை. அதன்பிறகும் அப்படிப்பட்ட ஆண்டுகள் வந்தன. 2021 கணக்கெடுப்பில் அங்கே 752 இருந்தன.

## கொம்பை அறுப்பது: படிப்படியாக

முதன்முதலில் இதைச் செய்தது நமீபியா, 1989-இல். இப்போது தென்னாப்பிரிக்காவில் பரவலாக நடக்கிறது. வேலை நடக்கும் வரிசை இது:

1. குளிர்ந்த காலை நேரத்தைத் தேர்வு செய்கிறார்கள். மயங்கிய விலங்கின் உடல் எளிதில் சூடேறிவிடும். வெயிலில் செய்தால் செத்துப்போகலாம்.

2. ஹெலிகாப்டரிலிருந்து எட்டார்ஃபின் சேர்ந்த மயக்க ஊசியைச் சுடுகிறார்கள். இரண்டு டன் விலங்கைச் சாய்க்கச் சில மில்லிகிராமே போதும். மனிதத் தோலில் பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்பதால் மாற்று மருந்து எப்போதும் கையருகே இருக்கும்.

3. விலங்கு தள்ளாடும் சில நிமிடங்களில் அது ஓடை, குளம், பள்ளம் பக்கம் போகாமல் ஹெலிகாப்டரால் திருப்ப வேண்டும். தண்ணீரில் விழுந்தால் மூழ்கிவிடும்.

4. விழுந்ததும் கண்ணைக் கட்டி, காதை அடைக்கிறார்கள். நெஞ்சு தரையில் படும்படி அமர்த்துகிறார்கள். ஒரே பக்கமாக நெடுநேரம் கிடந்தால் சொந்த எடையே கால் தசையைக் கெடுத்துவிடும். மயக்க மருந்து மூச்சை மந்தமாக்குவதால் மூக்கில் ஆக்சிஜன் குழாய்.

5. அடியிலிருந்து ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் விட்டுக் கோடு போட்டு, இயந்திர ரம்பத்தால் அறுத்து, விளிம்பைச் செதுக்கி மழுக்குகிறார்கள். கோடு கீழே இறங்கினால் இரத்தம் வரும், கொம்பு கோணலாக வளரும். மேலே போனால் வேட்டைக்காரனுக்கு மிச்சம் கிடைக்கும்.

6. கொம்பை எடைபோட்டு, மைக்ரோசிப் பதித்து, மரபணு மாதிரி எடுக்கிறார்கள். தரையில் சிந்திய தூளைக்கூடப் பொறுக்கிவிடுகிறார்கள். அதற்கும் விலை உண்டு. கொம்பு அன்றே வெளியில் தெரியாத பெட்டகத்துக்குப் போய்விடும்.

7. காதின் இரத்தக் குழாயில் மாற்று மருந்து. ஓரிரு நிமிடத்தில் எழுந்து நடந்துவிடும்.

இதை 18 முதல் 24 மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். நிறுத்தினால் முன்பு செய்ததெல்லாம் வீண்.

பலன் உண்டா? தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவை உள்ளடக்கிய பெரிய குரூகர் பகுதியின் 11 காப்பகங்களில் 2017 முதல் 2023 வரையிலான பதிவுகளை ஆராய்ந்த முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. அந்தக் காலத்தில் அங்கே வேட்டைக்குப் பலியானவை 1,985. கொம்பு அறுக்கப்பட்டவை 2,284. அறுத்த காப்பகங்களில் வேட்டை சராசரியாக 78 சதவீதம் குறைந்தது. மொத்தக் காப்புச் செலவில் இதற்கு ஆனது 1.2 சதவீதம் மட்டுமே. கேமரா, மோப்ப நாய், கூடுதல் காவலர் இவற்றால் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஆனால் அவை வேட்டையைக் குறைத்ததற்கு அந்த ஆய்வில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. கைதானவர்கள் முதல் நிலைக்காரர்கள் என்பதை நினைவில் வைத்தால் இது வியப்பாக இருக்காது.

குறைகளும் உண்மையே. அடியில் மிஞ்சும் கட்டைக்காகவும் சில விலங்குகளைக் கொன்றிருக்கிறார்கள். அறுத்த காப்பகத்தை விட்டு, அறுக்காத காப்பகத்துக்குக் குழுக்கள் இடம்பெயரும். கொம்பிழந்த கறுப்புக் காண்டாமிருகங்களின் நடமாட்ட எல்லை சராசரியாக 45 சதவீதம் சுருங்கியதும், ஒன்றையொன்று சந்திப்பது 37 சதவீதம் குறைந்ததும் 2023-இல் பதிவாகியிருக்கின்றன. செத்துப்போவதோடு ஒப்பிட்டால் இது தாங்கக்கூடிய விலை என்றே சொல்ல வேண்டும். ஆனால் என்றென்றைக்கும் கொடுக்கக்கூடிய விலை அல்ல.

## அசாமில் ஏன் அறுப்பதில்லை

மேலே சொன்ன மூன்றாவது படியைக் காசிரங்காவில் வைத்துப் பாருங்கள். எங்கு திரும்பினாலும் சதுப்பு, ஏரி, ஆள்மறைக்கும் புல். ஊசி பட்ட விலங்கு எங்கே விழும் என்று சொல்ல முடியாது. விழும் இடத்துக்கு வண்டி போகாது. 2,600 விலங்குகளை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிக் கையாள வேண்டும் என்றால், வேட்டையில் சாவதைவிட மயக்கத்தில் சாவது கூடிவிடக்கூடும். கொம்பும் சிறியது, 7 சென்டிமீட்டர் விட்டு அறுத்தால், விற்கத்தக்க ஒரு பங்கு விலங்கின் முகத்திலேயே நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிடிக்கக்கூடிய குழுக்களைப் பிடிக்கும் வழி அங்கே பலன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

## எரிப்பதா, விற்பதா

போகாகாத்தில் எரிந்தவை எல்லாம் வேட்டைக்காரர்களிடம் பறித்தவை அல்ல. காசிரங்காவில் முதுமையாலும் சண்டையாலும் வெள்ளத்தாலும் ஆண்டுதோறும் பல காண்டாமிருகங்கள் சாகின்றன. அவற்றின் கொம்பைக் காவலர்கள் எடுத்துவந்து அரசுக் கருவூலத்தில் சேர்ப்பார்கள். இப்படிப் பல பத்தாண்டுகளாகக் குவிந்தவைதான் அவை. 2021-இல் 2,623 கொம்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். அவற்றில் 94 காட்சிக்காகவும் கல்விக்காகவும் ஒதுக்கப்பட்டன, 29 நீதிமன்ற வழக்குகளுக்காக நிறுத்தப்பட்டன. 21 போலி. மீதி 2,479 எரிந்தன.

அந்தப் போலிகள்தான் எரிப்புக்கான வலுவான காரணம். கருவூலத்தில் இருக்கும் கொம்பு என்றைக்கும் ஆசைகாட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே உண்மையை எடுத்துவிட்டுப் போலியை வைக்க ஒருவர் போதும். எத்தனை கொம்பு, என்ன எடை என்று பதிவேடு சொல்வது சரிதானா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு பெருஞ்சோதனை தேவைப்படும். எரித்துவிட்டால் காவல் காக்க எதுவும் இல்லை.

விற்கலாம் என்பவர்களின் வாதம் இது: கொம்பு திரும்ப வளர்கிறது, பண்ணையில் வளர்த்து அறுத்து விற்றால் விலை இறங்கும், காட்டு விலங்கைக் கொல்லத் தேவையிருக்காது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2017-இல் நீதிமன்றத் தீர்ப்பால் உள்நாட்டு விற்பனை, உரிமத்தோடு, மீண்டும் சட்டபூர்வமானது. ஆனால் அந்த நாட்டில் கொம்பைப் பயன்படுத்துபவர்கள் ஏறக்குறைய இல்லை. அப்படியிருக்க யார் வாங்குவார்கள்? 2019 ஏப்ரலில் அங்கே 167 கொம்புகள் ஒரே வண்டியில் பிடிபட்டன. அவை உரிமம் பெற்று அறுத்த பண்ணைக் கொம்புகள், போய்க்கொண்டிருந்தது கடத்தலுக்கு. சுமார் 2,000 வெள்ளைக் காண்டாமிருகங்களை வைத்திருந்த உலகின் மிகப் பெரிய பண்ணை 2023-இல் ஏலத்துக்கு வந்தபோது கேட்பார் இல்லை; கடைசியில் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற காப்பு அமைப்பு விலங்குகளை வாங்கி, காடுகளில் திரும்ப விடும் பொறுப்பை ஏற்றது.

சட்டபூர்வமான கொம்பும் கள்ளக் கொம்பும் தூளான பிறகு ஒன்றுதான். ஒரு சிறிய சட்டச் சந்தை திறந்தால் அதன் ரசீதைக் காட்டிப் பெரிய கள்ளச் சந்தை நடக்கும். தென்னாப்பிரிக்காவை ஒட்டிய சிறு நாடான எஸ்வாத்தினி தன் கையிருப்பை விற்க 2016-இல் கேட்டபோது சைட்டிஸ் மாநாடு மறுத்தது இந்த அச்சத்தால்தான். சீனாவும் 2018 அக்டோபரில் மருத்துவப் பயன்பாட்டுக்குத் தளர்வு அறிவித்து, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் அடுத்த மாதமே அதைத் தள்ளிவைத்தது.

## நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவை

பிடிபட்டவர் விடுதலையாவதற்குப் பெரும்பாலும் காரணம், சம்பவ இடத்தில் முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கும் தவறுகள். கூட்டம் மிதித்துக் காலடித் தடம் அழியும். குண்டை உலோகங்காட்டியால் தேடாமல் விட்டுவிடுவார்கள். எடுத்த மாதிரி யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு அறுந்துபோகும். பறிமுதலான பொருள் காண்டாமிருகக் கொம்பே அல்ல, எருமைக் கொம்பு என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

கடைசிப் பிரச்சினைக்கு மரபணுப் பதிவு தீர்வாகிறது. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபணு ஆய்வகம் ரோடிஸ் என்னும் தரவுத்தளத்தை நடத்துகிறது. பிடிபட்ட கொம்பின் மரபணுவை இதிலுள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு, இன்ன பூங்காவில் இன்ன நாளில் கிடந்த சடலத்தின் கொம்பு இது என்று சொல்ல முடியும். இந்தியாவில் இதே முறையை டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம் கையாள்கிறது. அசாமில் எரிக்கும் முன் கொம்புகளிலிருந்து மாதிரி எடுத்துவைத்ததும் இதற்காகவே. "வைத்திருந்தான்" என்ற வழக்கை "கொன்ற கும்பலோடு தொடர்புள்ளவன்" என்ற வழக்காக மாற்றுவது இந்தப் பொருத்தம்தான்.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் ரைசோடோப் திட்டமும் சான்று பிடிக்கும் வகைதான். உயிருள்ள விலங்கின் கொம்பில் துளையிட்டு, விலங்குக்குத் தீங்கில்லாத அளவு கதிரியக்கப் பொருளை வைக்கிறார்கள். 2024 ஜூனில் 20 விலங்குகளில் தொடங்கிய சோதனை, 2025-இல் நடைமுறைக்கு வந்தது. அணுப்பொருள் கடத்தலைத் தடுக்கத் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் ஏற்கெனவே நிற்கும் கதிர்வீச்சுக் கருவிகள் இந்தக் கொம்பையும் காட்டிக்கொடுக்கும். நான்காம் நிலைக்காரரைக் குறிவைக்கும் மிகச் சில கருவிகளில் இது ஒன்று.

## எண்களைப் படிக்கும்போது

ஆண்டுதோறும் வரும் "வேட்டை குறைந்தது" என்ற செய்தியை இரண்டு கேள்விகளோடு படிக்க வேண்டும்.

1. எத்தனையில் எத்தனை? குரூகரில் 2011-இல் பத்தாயிரத்துக்கும் மேல் இருந்த வெள்ளைக் காண்டாமிருகங்கள் 2020-இல் சுமார் 2,600 ஆகிவிட்டன. அங்கே வேட்டை எண்ணிக்கை இறங்கியதில் ஒரு பகுதி, சுடுவதற்கு விலங்கு கிடைக்காததால் வந்தது.

2. வேறெங்காவது கூடியதா? குரூகர் இறுகியதும் குழுக்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ஹ்லுஷ்லுவே-இம்ஃபோலோசி பூங்காவுக்குத் திரும்பின. 2023-இல் தென்னாப்பிரிக்கா முழுவதும் பலியான 499-இல் 307 அந்த ஒரே பூங்காவில். 2024-இல் அங்கே கொம்பு அறுக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அங்கே பலியானவை 198 ஆகக் குறைந்தன. குரூகரிலோ 78-லிருந்து 88 ஆகக் கூடியது.

ஜாவாவின் உஜுங் குலோன் பூங்காவில் இன்னொரு பாடம் இருக்கிறது. ஜாவா காண்டாமிருகம் உலகிலேயே மிஞ்சியிருக்கும் ஒரே இடம் அது. பல ஆண்டுகளாக வேட்டையே இல்லை என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். பிடிபட்ட கும்பல்களை விசாரித்தபோது, 2019 முதல் 2023 வரை 26 காண்டாமிருகங்களைக் கொன்றதாக 2024-இல் தெரியவந்தது. மழைக்காட்டில் சடலம் கண்ணில் படாது, தானியங்கிக் கேமராக்களில் சில திருடுபோயிருந்தன. பூச்சியம் என்று ஒரு பூங்கா அறிவிக்கும்போது, அங்கே எத்தனை கிலோமீட்டர் ரோந்து நடந்தது, கேமராவில் பதிவான எத்தனை விலங்குகள் பிறகு காணாமல் போயின என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.